‘புகார் ஏதும் இல்லை’ என்பது நற்சான்று அல்ல

நம் மாவட்டத்தில் எந்தக் கல்லூரிக்குப் போய்ச் சாதிப் பாகுபாடு பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “இங்க அப்படி ஒரு புகாரும் வந்ததில்ல.” முதல்வர் சொல்வார். தாளாளர் சொல்வார். நாக் குழு வரும்போது எடுத்து வைக்கும் கோப்பிலும் அதுதான் இருக்கும். பெறப்பட்ட புகார்கள்: இல்லை. நிலுவையில் உள்ளவை: இல்லை. அந்த ‘இல்லை’யை ஒரு பதக்கம் போலத் தூக்கிக் காட்டுவார்கள்.

அந்த ‘இல்லை’ எப்படித் தயாராகிறது என்பதைக் கல்லூரிக்குள் போகும் நம் தம்பி தங்கைகள் தெரிந்துகொள்ள வேண்டும். புகார் வராமல் இருப்பதற்கும் பாகுபாடு நடக்காமல் இருப்பதற்கும் சம்பந்தம் கிடையாது. குமரி மாவட்டத்தில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அதற்கு நம் மாவட்டத்துக்கே உரிய காரணங்கள் இருக்கின்றன.

நூற்றுக்கு நான்கு பேர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறக்குறைய 92 விழுக்காடு. தமிழ்நாட்டிலேயே முதலிடம். இதை மேடைக்கு மேடை சொல்வார்கள். அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. மாவட்டத்தின் 18.7 லட்சம் மக்களில் பட்டியல் சாதியினர் 4 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. மாநில அளவில் இது 20 விழுக்காடு. திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் பட்டியல் சாதி.

இந்த எண்ணை வகுப்பறைக்குள் கொண்டுவந்து பாருங்கள். ஐம்பது பேர் படிக்கும் வகுப்பில் இரண்டு பேர். சில துறைகளில் ஒரே ஒருவர். வெளி மாவட்டப் பிள்ளைகள் சேர்ந்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட வகுப்பில் ஒருத்தி புகார் எழுதினால், “பெயரை ரகசியமாக வைத்துக்கொள்கிறோம்” என்று கல்லூரி கொடுக்கும் வாக்குறுதிக்கு என்ன பொருள்? ‘சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்’ என்ற ஒரு வரி போதும், எழுதியவர் யார் என்று மறுநாள் காலையில் கேன்டீனுக்கே தெரிந்துவிடும்.

இங்கே அவமானம் வரும் விதமும் வேறு. நேருக்கு நேர் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குறைவு. “எந்த ஊரு மக்களே? எந்தச் சபை? அப்பா என்ன சோலி?” என்று மூன்று கேள்வி கேட்பார்கள். ஊர்ப் பெயரும் சபைப் பெயரும் தெரிந்தால் நம் பக்கத்தில் சாதி தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஆய்வகத்தில் சேர்ந்து வேலை செய்ய ஆள் கிடைக்காது. விடுதியில் அறை மாறிப் போகக் காரணம் கண்டுபிடிப்பார்கள். கல்வி உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் சத்தமாக வாசித்து, ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொல்வார்கள். அகமதிப்பீட்டு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்டால், “உனக்கு இதுவே அதிகம்” என்று பதில் வரும். இவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும் தனியாகப் பார்க்கும்போது சின்ன விஷயம் போலத் தெரியும். மூன்று ஆண்டுக்கு இதை அனுபவிப்பவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

முதல்வர் அறையில் ஒரு பதிவேடு

புகார் கொடுக்க ஏற்பாடே இல்லையா என்றால், இருக்கிறது. 2012 இல் பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்ப்பதற்கான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையம் இருக்க வேண்டும். பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். புகாரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும். இது தவிர, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான புகார்ப் பதிவேடு ஒன்றைப் பதிவாளர் அல்லது முதல்வர் அலுவலகத்தில் வைக்க வேண்டும் என்று மானியக் குழு கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கைகளும் அனுப்பியிருக்கிறது.

பதிவேடு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை, துறைத் தலைவர் மேல் புகார் எழுத, முதல்வர் அறை வாசலில் நின்று, உதவியாளரிடம் காரணம் சொல்லி, உள்ளே போய், முதல்வர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நோட்டில் எழுத வேண்டும். முதல்வரும் துறைத் தலைவரும் ஒரே பணியாளர் அறையில் இருபது ஆண்டு ஒன்றாகத் தேநீர் குடித்தவர்களாக இருப்பார்கள். பல கல்லூரிகளில் ஒரே சமூகத்தையோ ஒரே சபையையோ சேர்ந்தவர்களாகவும் இருப்பார்கள். அந்தப் பதிவேட்டின் பக்கங்கள் வெள்ளையாக இருப்பதில் வியப்பு என்ன?

உச்ச நீதிமன்றத்தில் நடந்துவரும் வழக்கை ஒட்டி மானியக் குழு திரட்டிக் கொடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து கல்வியாண்டுகளில் 704 பல்கலைக்கழகங்களும் 1,553 கல்லூரிகளும் தெரிவித்த சாதிப் பாகுபாட்டுப் புகார்கள் மொத்தம் 1,160. ஐந்து ஆண்டில் இரண்டு நிறுவனத்துக்கு ஒரு புகார் என்ற கணக்கு! நாட்டில் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை கணக்குக்குள்ளேயே வரவில்லை. முதல் ஆண்டில் 173 ஆக இருந்த புகார், கடைசி ஆண்டில் 378 ஆக உயர்ந்தது. இதைப் பார்த்துப் பாகுபாடு கூடிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். எழுதிக் கொடுக்கும் துணிவும் கூடியிருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். வந்த புகாரில் பத்தில் ஒன்பது பங்கு ‘தீர்க்கப்பட்டது’ என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது. எப்படித் தீர்க்கப்பட்டது? தவறு செய்தவர் மேல் நடவடிக்கை எடுத்தா, மாணவரைக் கூப்பிட்டு ‘பேசி முடித்தா’? அதைச் சொல்ல அந்தக் கணக்கில் இடமில்லை.

கசிந்த புகார் ஆளைக் கொல்லும்

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நாற்கரச் சாலையில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் நாங்குநேரி. 2023 ஆகஸ்ட் 9 இரவு அங்கே என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பிளஸ் டூ படித்த தலித் மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த பையன்கள்.

அது பள்ளிதானே, கல்லூரிக்கும் அதற்கும் என்ன என்று கேட்கலாம். வெட்டுக்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். தொல்லை தாங்காமல் அந்தப் பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தார்கள். நடந்ததை அவன் சொன்னான், புகார் போனது. புகார் கொடுத்தவனுக்கு எந்தப் பாதுகாப்பும் ஏற்பாடு செய்யாமலேயே, அந்தச் செய்தி புகாருக்கு ஆளானவர்கள் வீடு வரை போய்ச் சேர்ந்தது. அரிவாள் அதற்குப் பின்னால் வந்தது. புகாரை வாங்குவது மட்டும் பள்ளியின் வேலை அல்ல. வாங்கிய நிமிடத்திலிருந்து கொடுத்தவரின் உயிருக்கு நிறுவனம் பொறுப்பு. அந்தப் பொறுப்பு அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பையன் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுந்து வந்து 600 க்கு 469 எடுத்தான். அது அவனுடைய வைராக்கியம். அதில் கல்வித்துறை பெருமைப்பட ஒன்றும் இல்லை.

கசிவு என்பது குற்றம்தான் என்று நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவரை அடையாளம் காட்டும் விவரங்களோடு வெளியே பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவரைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததோடு, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. காவல் துறைக்கு உள்ள இந்தக் கடமை கல்லூரி முதல்வருக்குக் கிடையாதா? உண்டு. “நான் சும்மா அவங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன்” என்று எந்த முதல்வரும் தப்பிக்க முடியாது.

விசாரணை யாரை விசாரிக்கிறது?

துணிந்து புகார் கொடுத்தாலும், அல்லது ஒரு உயிர் போன பிறகு புகார் எழுந்தாலும், விசாரணைகள் ஒரே தடத்தில்தான் போகின்றன.

2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா இறந்தார். அவரும் நான்கு தோழர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, திறந்தவெளியில் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. அதன் பிறகு அமைக்கப்பட்ட ரூபன்வால் ஆணையம் எதைத் தோண்டியது? அவர் உண்மையிலேயே தலித்தா என்று. 2024 இல் தெலங்கானா காவல் துறை கொடுத்த வழக்கு முடிப்பு அறிக்கையும் அதையே சொன்னது. பல்கலைக்கழகம் என்ன செய்தது என்று விசாரிக்க வேண்டிய இடத்தில் ஒரு தாயின் சாதிச் சான்றிதழ் விசாரிக்கப்பட்டது.

2019 மே மாதம் மும்பையில் முதுநிலை மருத்துவம் படித்த பாயல் தட்வி இறந்தார். தத்வி பீல் பழங்குடியைச் சேர்ந்தவர். மூத்த மருத்துவர்கள் செய்த துன்புறுத்தலை முன்பே முறையிட்டும் நடவடிக்கை இல்லை என்று குடும்பத்தினர் சொன்னார்கள். கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழு கூடி, துன்புறுத்தல் நடந்தது என்று கண்டுபிடித்தது அவர் இறந்த பிறகு. 2023 பிப்ரவரியில் ஐ.ஐ.டி. மும்பையில் முதலாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி இறந்தார். நிறுவனமே அமைத்த குழு, சாதிப் பாகுபாட்டுக்கு நேரடி ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. படிப்பில் பின்தங்கியதைச் சுட்டிக்காட்டியது.

சான்றிதழ், மதிப்பெண், மனநிலை என்று இறந்தவரின் பக்கத்திலேயே விசாரணை சுற்றுகிறது. நிறுவனமே நியமித்த ஆட்கள் நிறுவனத்தையே விசாரித்தால் வேறென்ன வரும்? இந்த நிலை மாற வேண்டும் என்றுதான் ராதிகா வெமுலாவும் ஆபேதா தட்வியும், மகனை இழந்த தாயும் மகளை இழந்த தாயுமாக, 2019 இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கின் அழுத்தத்தில்தான் 2026 ஜனவரியில் மானியக் குழு புதிய சமத்துவ விதிகளை அறிவித்தது. உடனே எதிர்ப்புக் கிளம்பியது. “பொய்ப் புகார் கொடுப்பார்கள், எங்களுக்குப் பாதுகாப்பு எங்கே?” என்று கேட்டார்கள். இரண்டு வாரத்தில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை நிறுத்தி வைத்து, 2012 விதிகளே தொடரும் என்றது.

‘பொய்ப் புகார்’ என்று கூச்சலிடுபவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஐந்து ஆண்டில் நாடு முழுதும் 1,160 புகார். உண்மையான புகாரே இவ்வளவு கம்மியாக வெளியே வரும்போது, பொய்ப் புகார் கொடுக்க வரிசையில் நிற்பவர்கள் யார்?

ஒரே தெரு, இரண்டு சட்டம்

இனி நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இதை வெளி மாவட்டத் தோழர்கள் பலர் கவனிப்பதில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 நமக்கு இருக்கும் வலுவான ஆயுதம். ‘பி.சி.ஆர். கேஸ்’ என்று ஊரில் சொன்னாலே அதன் மேல் உள்ள பயம் தெரியும். ஆனால் அது பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி என்று சட்டப்படி அறியப்பட்டவர்களுக்குத்தான். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்கள் மட்டுமே பட்டியல் சாதி. கிறிஸ்தவராக இருந்தால் தமிழ்நாட்டில் பி.சி. சான்றிதழ்தான். குமரி மாவட்டத்தில் தலித் மக்களில் கணிசமானவர்கள் கிறிஸ்தவர்கள். ஒரே தெருவில், ஒரே சாதியில், அண்ணன் தம்பி பிள்ளைகள். ஒரே கல்லூரியில் ஒரே வாயிலிருந்து ஒரே வசை. ஒருவருக்கு வன்கொடுமைச் சட்டம் உண்டு, இன்னொருவருக்குக் கிடையாது. பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு இல்லை. பாயல் தட்வி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்தான், அவர் வழக்கில் அந்தச் சட்டம் பாய்ந்தது. சாம்பவர் கிறிஸ்தவப் பிள்ளைக்குப் பாயாது. இதை ஆராய 2022 இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. நம் பிள்ளைகளோ இன்றைக்கே கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதனால்தான் கல்லூரிக்குள் இருக்கும் புகார் ஏற்பாட்டை நாம் அலட்சியப்படுத்த முடியாது. 2012 விதிகள் சாதி, மதம், பாலினம், மாற்றுத்திறன் என்று எதன் பெயரால் பாகுபாடு நடந்தாலும் பொருந்தும். ராகிங் தடுப்பு விதிகளில் 2016 இல் செய்த திருத்தம் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதையும் ராகிங் என்கிறது. காவல் நிலையக் கதவு பாதி மூடியிருக்கும் நம் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு, கல்லூரிக் கதவாவது முழுதாகத் திறந்திருக்க வேண்டும். அதிலும் சபைகள் நடத்தும் கல்லூரிகளுக்கு இதில் கூடுதல் கடமை இருக்கிறது. “நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்குள் சாதி இல்லை” என்பது பிரசங்கத்தில் நன்றாக இருக்கும். கல்லறையிலும் கல்யாணத்திலும் பணி நியமனத்திலும் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும்.

சட்டம் சொல்வதும் நடப்பதும்

2023 அக்டோபரில் குலசேகரம் பகுதியில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் முதுநிலை மாணவி இறந்தார். பேராசிரியர் ஒருவர் பாலியல் தொல்லை தந்ததாகவும் வேறு இருவர் மனரீதியாகத் துன்புறுத்தியதாகவும் அவர் எழுதி வைத்திருந்தார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நமக்கு முன்னால் உள்ள கேள்வி வேறு. மருத்துவம் படித்த ஒரு பெண், உயிரோடு இருக்கும்போது நம்பிக்கையோடு போய்ச் சொல்ல ஓர் இடம் இல்லாமல் போனது ஏன்?

பாலியல் துன்புறுத்தல் தொடர்பாக 2013 சட்டமும், அதன் அடிப்படையில் மானியக் குழு கொண்டுவந்த 2015 விதிகளும் தெளிவாக இருக்கின்றன. உள் புகார் குழுவின் தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். மாணவர் தொடர்பான புகார் என்றால் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் மூவர் குழுவில் இருக்க வேண்டும். பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் குழுவில் இருக்கவே கூடாது. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பாதிக்கப்பட்டவர் எழுத முடியாத நிலையில் இருந்தால் நண்பரோ உறவினரோ உடன் படிப்பவரோ கொடுக்கலாம்.

உங்கள் கல்லூரியின் உள் புகார் குழுவில் மாணவர் பிரதிநிதிகள் யார்? எந்தத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்? பதில் தெரியவில்லை என்றால், அந்தக் குழு காகிதத்தில் இருக்கிறது என்று பொருள்.

ஆணை மட்டும் போதாது என்பது நமக்குப் புதிதல்ல

தென் திருவிதாங்கூரில் நவீனக் கல்வி மயிலாடியில் தொடங்கியது. ரிங்கல்தௌபே ஐயர் 1809 இல் அங்கே ஆலயமும் பள்ளியும் அமைத்தார் என்று பாடம் சொல்வார்கள். அவரை அந்த ஊருக்கு வரவழைத்தவர் மகாராசன் வேதமாணிக்கம் என்ற சாம்பவர் என்பதை மெதுவாகச் சொல்வார்கள். 92 விழுக்காடு எழுத்தறிவின் முதல் விதையைக் கேட்டு வாங்கி வந்தவர் நம் ஆள். அவருடைய வாரிசுகள்தான் இன்று வகுப்பில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதே திருவிதாங்கூரில், தலித் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அரசு ஆணை வந்த பிறகும் பள்ளிகள் கதவைத் திறக்கவில்லை. அய்யங்காளி பஞ்சமி என்ற சிறுமியைக் கூட்டிக்கொண்டு ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் போனார். பள்ளியைக் கொளுத்தினார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று மக்களைத் திரட்டியவரும் அவர்தான். காகிதத்தில் இருந்த ஆணைக்கு உயிர் கொடுத்தது கூட்டமாக நின்ற மக்கள். பஞ்சமி அந்த வாசலுக்குத் தனியாகப் போகவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

என்ன செய்யலாம்

ஒற்றை ஆளாக இருப்பவர் மேல் முழுப் பாரத்தையும் போடும் ஏற்பாட்டை நாம் உடைக்க வேண்டும். அதற்குச் சில வழிகள்.

தனியாகப் போகாதீர்கள். புகாரில் கையெழுத்து ஒருவருடையதாக இருந்தாலும் முதல்வர் அறைக்கு மூன்று பேர் போங்கள். அமைப்புத் தோழர், பெற்றோர், நம்பிக்கையான ஆசிரியர், யாராவது உடன் இருக்கட்டும். உடன் வருபவர் வேறு சாதித் தோழராக இருந்தால் இன்னும் நல்லது. பாகுபாட்டை எதிர்ப்பது தலித் மாணவரின் தனிப் பொறுப்பு அல்ல.

வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர்கள் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். வன்கொடுமைச் சட்டத்தில் சாதி இழிவுக்கான பிரிவு, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்ததா என்று கேட்கும். வெளியார் யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் சொன்னால் பொருந்தாது என்று 2020 இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் கேட்டவர் யார், பார்த்தவர் யார் என்பது முக்கியம்.

புகாரின் நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். மறுத்தால் கல்லூரி மின்னஞ்சலுக்கும், ஒப்புகையோடு அஞ்சலிலும் அனுப்புங்கள். ஒரு நகல் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு. இன்னொன்று திங்கள்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில். மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்துக்கு அமைப்புகளும் மனு அனுப்பலாம்.

“முதலில் கல்லூரி விசாரணை முடியட்டும், பிறகு போலீசுக்குப் போகலாம்” என்று சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிய முன் விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. ராகிங் தடுப்பு எண் 1800-180-5522. மனம் சோர்ந்து போனவர்கள் 14416 அல்லது 104 ஐ அழையுங்கள். கூட இருப்பவர்கள் அவர்களைத் தனியாக விடாதீர்கள். நமக்கு நீதியும் வேண்டும், நம் பிள்ளைகளும் வேண்டும்.

நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. பதிவேட்டை முதல்வர் அறையிலிருந்து வெளியே கொண்டு வாருங்கள். விசாரணைக் குழுவில் தலித் உறுப்பினரும் கல்லூரிக்கு வெளியிலிருந்து ஒருவரும் இருக்கட்டும். குற்றச்சாட்டுக்கு ஆளான ஆசிரியர், விசாரணை முடியும்வரை அந்த மாணவரின் விடைத்தாளைத் தொடக் கூடாது. புகார் வரும்வரை காத்திராமல், ஆண்டுக்கு ஒருமுறை பெயர் எழுதாத வினாத்தாள் கொடுத்து எல்லா மாணவர்களிடமும் கேளுங்கள். எல்லோரும் எழுதும்போது எழுதியவர் யார் என்று தெரியாது. நூற்றுக்கு நான்கு பேர் இருக்கும் மாவட்டத்தில் உண்மை வெளியே வர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மாநில அரசுக்கும் வேலை இருக்கிறது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தது. பள்ளி முதல் உயர்கல்வி வரை சாதிப் பாகுபாட்டை ஒழிக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்பது அதன் பரிந்துரை. உச்ச நீதிமன்றம் என்ன சொல்லப் போகிறது என்று காத்திருக்காமல் தமிழ்நாடு அந்தச் சட்டத்தைக் கொண்டுவரலாம். அதில் தலித் கிறிஸ்தவ மாணவர்களையும் சேர்த்துப் பாதுகாக்கலாம்.

இந்தக் கல்வியாண்டில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கல்லூரியில் பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் யார், பதிவேடு எங்கே இருக்கிறது, சம வாய்ப்பு மையம் கடைசியாக என்று கூடியது, உள் புகார் குழுவில் மாணவர்கள் யார், வந்த புகார்கள் எப்படி முடிக்கப்பட்டன என்று ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுங்கள். அரசுக் கல்லூரியும் அரசு உதவி பெறும் கல்லூரியும் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘இல்லை’, ‘இல்லை’ என்று பதில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த போராட்டத்தின் முதல் ஆவணம் அதுதான்.

ஜெய் பீம்.